பின்பக்கத் தகட்டை வெட்டுவதற்கு முன்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தனிச் சேஸும் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) இரும்புத் தகட்டு பாடியும் உள்ள பழைய ஆஃப்ரோடு வண்டி. பாறையில் இறங்கும்போது இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூலை இடிபட்டு உள்ளே மடங்கிவிட்டது. அதே பக்கம் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. போன மாதம் டயரை 225/75 ஆர் 16 அளவிலிருந்து 245/75 ஆர் 16-க்கு மாற்றினீர்கள். அதிலிருந்து மேடு பள்ளத்தில் டயர் தகட்டில் உரசுகிறது. "எப்படியும் கெட்டுப்போன இடம்தானே, கிரைண்டரால் ஆர்ச்சையும் மூலையையும் சேர்த்து வெட்டிவிட்டு ஓரத்தில் ரப்பர் பீடிங் மாட்டினால் போதுமா?" என்று கேட்கிறீர்கள். எங்கே வெட்டுவது என்பது இதில் சின்ன விஷயம். எவ்வளவு தகட்டை எடுத்தால் பாடி தாங்கும், எடுத்த இடத்தில் திரும்ப என்ன வைக்க வேண்டும் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெட்டலாம். ஆனால் ரப்பர் பீடிங் மட்டும் போதாது. அதோடு, இடி, துரு, உரசல் மூன்றையும் ஒரே வெட்டில் தீர்க்கப் பார்க்காதீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இருபது வருடத்துக்கு மேல் டிங்கரிங் வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி வண்டிகள்தான். அந்த அனுபவத்தில் சொல்வது இது. நீங்கள் போட்டிருக்கும் படங்களில் வெளித்தகடு மட்டுமே தெரிகிறது. உள்தகட்டின் நிலை என்ன என்பதைப் படத்திலிருந்து சொல்ல முடியாது. எனவே உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகச் சொல்கிறேன், நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டியதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் வெட்டப்போகும் இடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகடு போலத் தெரியும். உண்மையில் அங்கே இரண்டு தகடுகள் இருக்கின்றன. வெளியே தெரிவது குவார்ட்டர் பேனல். உள்ளே சக்கரத்தைச் சுற்றித் தொட்டி மாதிரி வளைந்து போவது உள் வீல் ஆர்ச். ஆர்ச்சின் ஓரத்தில் இரண்டும் விரல் அகலத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று படிந்து, வரிசையாக ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாக ஒட்டுவது) செய்யப்பட்டிருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால் அந்த மடிப்பு தெரியும். அந்த ஒரு விரல் மடிப்புதான் பக்கவாட்டுத் தகட்டுக்கு விறைப்பைக் கொடுக்கிறது. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்குள் சேறும் தண்ணீரும் போகாமல் தடுப்பதும் அதுதான். மடிப்புக்கு உள்ளாகவே கொஞ்சம் சீவி எடுத்தால் பெரிய தொந்தரவு இல்லை. மடிப்பைத் தாண்டி மேலே வெட்டினால் இரண்டு தகடுகளும் வாய் பிளந்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒருவருடைய வண்டியில் ஆர்ச்சைச் சுற்றி 4 சென்டிமீட்டர் வெட்டி, ரப்பர் பீடிங்கை அழகாக மாட்டிக் கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழைக்காலம் முடிந்து வண்டி திரும்பி வந்தது. வெட்டின் மூலையிலிருந்து மேல் நோக்கி ஒரு விரிசல் ஓடியிருந்தது. பக்கத் தகடு கையால் அழுத்தினாலே உள்ளே போய் 'டப்' என்று வெளியே வந்தது. பின்சீட்டுக்கு அடியில் விரிப்பு ஊறிக் கிடந்தது. பீடிங்கைக் கழற்றினால் அதன் பள்ளம் முழுக்க ஈரச் சேறு, அதற்குள் வெட்டிய ஓரம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வேலையை என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து, வெட்டிய இடத்தில் புது ஓரம் ஒன்றைக் கட்டி முடிக்கும் வரை வெட்டும் வேலை முடிந்ததாக நான் நினைப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டிக்குத் தனிச் சேஸ் இருப்பதால் பக்கத் தகட்டில் கை வைக்க ஓரளவு சுதந்திரம் உண்டு. சேஸும் பாடியும் ஒன்றாகவே அமைந்த மோனோகாக் வண்டியாக இருந்தால் என் பதில் வேறு. அதில் பின்பக்கத் தகடும் உள் ஆர்ச்சும் சேர்ந்துதான் சுமையைத் தாங்குகின்றன; ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காரும் இடமும் பெரும்பாலும் அங்கேதான். அந்த வண்டிகளில் உள்தகட்டை வெட்டச் சொல்ல மாட்டேன். தனிச் சேஸ் வண்டியிலும் தொடக்கூடாத இடங்கள் உண்டு: சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடமும் அதைச் சுற்றியுள்ள கனத் தகடும், பாடியைச் சேஸோடு பிடிக்கும் ரப்பர் மவுன்ட், கூரையைத் தாங்கும் தூணின் அடி. இந்த மூன்றில் எதுவாவது உங்கள் வெட்டுக்கோட்டுக்கு ஒரு கையகலத்துக்குள் வந்தால் அங்கே கோட்டை மாற்றுங்கள், டயரின் அளவைக் குறைக்க நேர்ந்தாலும் சரி.

இனி உரசல். கணக்கைப் பாருங்கள். 225/75 ஆர் 16 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 744 மி.மீ. 245/75 ஆர் 16 என்றால் 774 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ., அதாவது ஆரத்தில் 15 மி.மீ.தான். அகலத்தில் 20 மி.மீ. கூடியிருக்கிறது, அதே ரிம், அதே ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்ற அளவு) என்றால் உள்ளே 10, வெளியே 10. காகிதக் கணக்குதான் இது. டயர் கம்பெனிக்குக் கம்பெனி சில மி.மீ. முன்பின் இருக்கும். ஆனாலும் 15 மி.மீ. கூடியதற்காக ஆர்ச்சை முழுக்க வெட்ட வேண்டிய அவசியம் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குப் பெரும்பாலும் வராது. அதனால் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி: வலது பக்கம் உரசுகிறதா? நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. வலது பக்கம் உரசாமல் இடது பக்கம் மட்டும் உரசினால் குற்றம் டயருடையது இல்லை. பாறையில் பட்டு மடங்கிய மூலை, ஆர்ச்சின் பின்பாதியை முன்னே தள்ளி டயர் பக்கம் கொண்டுவந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் முதலில் இடியை இழுத்து நிமிர்த்தி, பிறகு அளந்து பார்க்க வேண்டும். நிமிர்த்திய பிறகு வெட்டவே வேண்டியிருக்காது என்பதும் நடக்கக்கூடியதுதான்.

எங்கே உரசுகிறது என்பதை நிற்கும் வண்டியில் கண்டுபிடிக்க முடியாது. காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, சேஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஆக்ஸிலை ஜாக் கொண்டு பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) தொடும் வரை தூக்குங்கள். முதலில் இரண்டு பக்கமும் ஒன்றாக, பிறகு ஒரு பக்கம் மட்டும் மேலே, மறுபக்கம் கீழே. பட்டை ஸ்பிரிங் என்றால் கழற்றாமலேயே ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் வண்டியில் வழக்கமாக ஏற்றும் சுமையோடு பாருங்கள். டயரின் தோளிலும் ஓரக்கட்டைகளிலும் சாக்பீஸ் தடவிவிட்டால் எந்த இடத்தில் தொடுகிறது என்று தகட்டில் வெள்ளையாக விழும்.

இந்தச் சோதனையில் பலர் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள் தெரியவரும். ஒன்று, டயர் நேர்மேலாக ஏறுவதில்லை. பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை அசையாமல், பின்முனை ஷாக்கிளில் (முன்னும் பின்னும் ஆடும் இணைப்பு) தொங்கும் வண்டியில், ஸ்பிரிங் அமுங்கி நீளும்போது ஆக்ஸில் கொஞ்சம் பின்னால் போகும். ஆகவே ஆர்ச்சின் உச்சியைவிடப் பின்பக்கச் சரிவில்தான் இடம் தேவைப்படும். இரண்டு, ஒரே தண்டாக உள்ள ஆக்ஸிலில் ஒரு சக்கரம் மட்டும் மேலே ஏறினால் அந்த டயரின் தலைப்பக்கம் உள்நோக்கிச் சாயும். வெளி ஓரத்தில் உரசும் என்று நினைத்து அதை வெட்டிவிட்டு, கடைசியில் உள் வீல் ஆர்ச்சில் உரசிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. வெளியே வெட்டுவதால் அந்த உரசல் குறையாது. பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் நீளமாக்குவதோ, ரிம்மின் ஆஃப்செட்டை மாற்றுவதோதான் அதற்கு வழி.

டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் எவ்வளவு விடுவது? இதற்கு எழுதி வைத்த அளவு கிடையாது. முழுவதும் அமுங்கிய நிலையில் இரண்டு விரல், அதாவது 25 முதல் 30 மி.மீ. வரை நான் விடுவேன். பம்ப் ஸ்டாப் ரப்பர் அடிபடும்போது இன்னும் அமுங்கும், டயர் காற்றைக் குறைத்து ஓட்டினால் பக்கவாட்டில் பிதுங்கும், சேறு அப்பிக்கொள்ளும். மெதுவாகப் பாறை ஏறுபவர் இதைவிடக் குறைவாக விட்டும் சமாளிப்பார். மணலில் வேகமாக ஓட்டுபவருக்கு இது போதாமல் போகலாம்.

அடுத்து துரு. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை: வெளியே கொப்பளம் தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். ஆர்ச் ஓரத் துரு பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே போவதில்லை. மடிப்புக்கு மேல் உள்பக்கத்தில் தங்கும் சேறு எப்போதும் ஈரத்தோடு இருக்கும். அது தகட்டை உள்ளிருந்து தின்று, கடைசியில் பெயின்ட்டைத் தூக்குகிறது. பின்சீட்டின் பக்க டிரிமை (உள்பக்கத் தகட்டை மறைக்கும் மூடி) கழற்றி, டார்ச் அடித்து, கூரான ஊசியாலோ பழைய ஸ்க்ரூடிரைவராலோ குத்திப் பாருங்கள். நல்ல தகடு 'டிங்' என்று திருப்பி அடிக்கும். கெட்ட தகடு மந்தமாகச் சத்தம் போடும், சில இடத்தில் முனை உள்ளே இறங்கிவிடும். இறங்காத இடம் வரை போய், அதற்கு மேல் இன்னும் 2, 3 சென்டிமீட்டர் தள்ளிக் கோடு போடுங்கள். வெல்டிங் பிடிக்க முழுக் கனத் தகடு வேண்டும்.

துருவை மாற்றும் திரவம் பூசினால் போதுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த அந்தத் திரவங்கள் மேலாகப் படிந்த மெல்லிய துருவில் வேலை செய்யும், நானும் பயன்படுத்துகிறேன். இரண்டு தகடுகள் ஒட்டிய மடிப்புக்குள் அது போய்ச் சேராது. ஓட்டை விழுந்த தகட்டுக்கு அதனால் பயனே இல்லை. ஓட்டையின் மேல் ஃபைபர் கண்ணாடி நாரும் பட்டியும் அப்பி மூடுவதும் இதே கதைதான். பின்னால் துரு வளர்ந்துகொண்டே இருக்கும், தகடு முறுக்கும்போது ஒட்டு விடும், அந்த இடுக்கில் தண்ணீர் நிற்கும். தற்காலிகமாகக் கூட நான் அதைச் செய்வதில்லை, ஏனென்றால் மறைந்துவிட்ட துருவைப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இடிபட்ட மூலைக்கு வருவோம். அங்கே நான் முதலில் சுத்தியலை எடுக்க மாட்டேன். இடி விழுந்தபோது தகடு எந்த வரிசையில் மடங்கியதோ அதற்குத் தலைகீழ் வரிசையில் அது விரிய வேண்டும். கடைசியாக மடங்கியது வெளிவட்டத்தில் எழும்பி நிற்கும் மேடு. அங்கிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, பிறகு எப்படித் தட்டினாலும் நிற்காமல் உள்ளும் வெளியும் துள்ளும். பள்ளத்தின் குறுக்கே சின்னத் தகட்டுக் காதுகளைத் தற்காலிகமாக வெல்டு பிடித்து, அவற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே மேட்டின் மேல் தட்டினால் உலோகம் தானாக இடத்துக்கு வரும். பின்புறம் டாலி (தகட்டுக்குப் பின்னால் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து, டாலிக்குச் சற்றுத் தள்ளி அடித்தால் மேடு இறங்கிப் பள்ளம் எழும்பும். டாலிக்கு நேராக அடித்தால் தகடு மெலிந்து நீளும். கடைசி மெருகுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மடிந்த கோடு கூர்மையாகி, அதில் பெயின்ட் உடைந்து விரிசலும் தெரிந்தால் நிமிர்த்துவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதே சரி.

உங்கள் படத்தைப் பார்த்தால் மூலையின் கீழ்ப்பாதி அந்த நிலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேல்பாதி நிமிரும். கீழ்ப்பாதியை வெட்டுவதில் ஒரு லாபமும் உண்டு. பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து வண்டியின் பின்பகுதியில் தாழ்வாகத் தொங்கும் இடத்துக்கு ஒரு கோடு இழுத்தால் கிடைக்கும் கோணம்தான் மேட்டிலிருந்து இறங்கும்போது பின்பக்கம் இடிக்குமா இடிக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. பம்பரோ இழுவைக் கொக்கியோ அதைவிடத் தாழ்வாக இல்லாத வண்டியில், மூலையைத் தூக்கி வெட்டினால் அந்தக் கோணம் கூடும். அடுத்த முறை அதே பாறை அங்கே படாமல் போகலாம். அதனால் மூலையில் வெட்டுவதை நான் ஆதரிக்கிறேன், ஆர்ச்சில் வெட்டுவதைத்தான் சோதனைக்குப் பிறகு பார்ப்போம் என்கிறேன்.

வெட்டத் தொடங்குமுன் செய்ய வேண்டியவற்றை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள், இந்த வேலையில் விபத்து நடப்பது இங்கேதான். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எரிபொருள் ஊற்றும் குழாய், டேங்க்கின் காற்றுக்குழாய், பிரேக் பைப், பின்விளக்கு ஒயர் ஆகியவை தகட்டுக்குப் பின்னால் எங்கே ஓடுகின்றன என்று கையால் தொட்டுப் பாருங்கள். குழாய் அந்தப் பக்கமாக இருந்தால் கழற்றி, டேங்க்கை இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். ஈரத்துணி போர்த்தினால் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். உள் டிரிம், விரிப்பு, இரைச்சலைத் தடுக்கும் பஞ்சு, வெற்றிடத்துக்குள் ஊதியிருக்கும் நுரை, பழைய மெழுகுப் பூச்சு எல்லாமே பற்றிக்கொள்ளும். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் உருகிப் பதிந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. கண்ணாடியைக் கனமாக மூடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரமாவது வண்டியை விட்டு நகராதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்வது உயிருக்கே ஆபத்து, நச்சு வாயு உண்டாகும். துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில், முகமூடியோடு செய்யுங்கள்.

கோட்டை அட்டையில் வெட்டி அச்செடுங்கள். அதே அட்டையைத் திருப்பி வலது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். முதல் வெட்டை இறுதிக் கோட்டுக்கு 10 மி.மீ. கீழே போடுங்கள், பிறகு மறுபடியும் ஆக்ஸிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கோட்டுக்குப் போங்கள். நீளமான நேர்வெட்டுக்கு 1 மி.மீ. டிஸ்க் போட்ட கிரைண்டர் போதும். வளைவுக்குக் காற்றில் ஓடும் சின்ன ரம்பம் நல்லது, பொறியும் சூடும் குறைவு. எந்த மூலையையும் கூராக விடாதீர்கள், கட்டைவிரல் அளவாவது வளைவு கொடுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அது முடியும் இடத்தில் ஒரு சின்னத் துளை போட்ட பிறகு வெல்டு செய்யுங்கள்.

இனி ஓரம் கட்டுவது. ஆர்ச்சில் மடிப்பைத் தாண்டி வெட்ட நேர்ந்தால் வெளித்தகட்டை மட்டும் முதலில் வெட்டுங்கள். ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்துவிட்டு மிச்சத் துண்டை உரித்தெடுங்கள். உள்தகட்டை 25 முதல் 30 மி.மீ. கூடுதல் நீளமாக விட்டு, விரல் அகலத்துக்கு ஒரு கீறலாக மேல் நோக்கிக் கீறி, ஒவ்வொரு நாக்கையும் தட்டி வெளித்தகட்டின் உள்பக்கத்தோடு படிய வையுங்கள். வெளித்தகட்டில் நாக்குக்கு ஒன்றாக 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு, அந்தத் துளையை வெல்டால் நிரப்புங்கள். நாக்குகளுக்கு நடுவில் உள்ள கீறல்களையும் மூடுங்கள். உள்பக்கம் முழுக்க சீம் சீலர் (இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வரட்டும். இவ்வளவும் செய்தால் கம்பெனி போட்ட மடிப்பு என்ன வேலை செய்ததோ அதை உங்கள் மடிப்பும் செய்யும். நேரம் எடுக்கும்தான். ஒரு ஆர்ச்சுக்கு எனக்கு ஒரு முழு நாள் போகும், முதல் முறை செய்பவருக்கு இரண்டு நாள் ஆகலாம்.

வெல்டிங்கைப் பொறுத்தவரை, பாடித் தகடு ஏறக்குறைய 0.8 முதல் 1 மி.மீ. கனம்தான். மிக் வெல்டரில் (கம்பி தானாக ஓடி வரும் வெல்டிங் கருவி) 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. நீளமாகக் கோடு இழுக்காதீர்கள். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, பிறகு எதிர்ப்பக்கம். பக்கத்தில் கை வைத்தால் சுடக்கூடாது, சுட்டால் நிறுத்துங்கள். கடைசியில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். எர்த் கிளிப்பை வெல்டு இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள் அருமையாகச் செய்வார்கள், ஆனால் சூடு அகலமாகப் பரவுவதால் தகடு அலை அடிப்பது அதிகம். ஒன்றின் மேல் ஒன்று படியும் இடங்களில் துத்தநாக பிரைமர் பூசிவிட்டு வெல்டு செய்வதா என்பதில் தொழிலில் இருப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. வெல்டு கெடுகிறது என்பார்கள் சிலர், இல்லாவிட்டால் இடுக்கில் துரு வரும் என்பார்கள் சிலர். நான் பூசுவேன், வெல்டு விழும் துளைக்குள் மட்டும் சுரண்டி எடுத்துவிடுவேன்.

வெல்டர் இல்லாமல் ரிவெட்டும் பாடிப் பசையும் வைத்துச் செய்யலாமா என்றால், மூலையை மூடும் வெளித்தகட்டுக்குச் செய்யலாம். தகட்டை வெள்ளையாகத் தேய்த்துப் பளபளப்பு தெரிந்த பிறகுதான் பசை. ஆர்ச் மடிப்புக்கும் சீட் பெல்ட் பக்கத்துக்கும் அதை நான் சொல்ல மாட்டேன்.

மூலையை வெட்டிய பிறகு அந்த வாயைப் பழைய தகட்டின் கனத்திலேயே வளைத்த துண்டால் மூடுங்கள். தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் துளை கட்டாயம். கனமான காப்புத் தகடு ஒன்றை மூலையில் மாட்டும் ஆசை உங்களுக்கு இருக்கும் என்று தெரிகிறது. மாட்டலாம், ஆனால் ஒரு பக்கம் பாடியிலும் மறுபக்கம் சேஸிலுமாகப் பிடிக்காதீர்கள். கரடுமுரடில் சேஸ் முறுக்கும், பாடி ரப்பர் மவுன்ட் மேல் தனியாக அசையும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் அந்த அசைவு முழுவதும் தகட்டைக் கிழிப்பதில் போகும். பாடியில் மட்டும் பிடிப்பதானால் உள்பக்கம் அகலமான பின்தகடு வைத்து போல்ட் போடுங்கள். சேஸில் பிடிப்பதானால் பாடிக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். அடி வாங்கும் வண்டிக்குச் சேஸில் பிடிப்பதே மேல் என்பது என் கருத்து.

அலுமினியத் தகடு போட்ட லேண்ட் ரோவர் டிஃபென்டர் மாதிரி வண்டி வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், மேலே சொன்ன வெல்டிங்கை அப்படியே செய்யாதீர்கள். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும், அதற்கு முன் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. பழக்கமில்லாதவருக்கு ரிவெட்டே பாதுகாப்பு. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டு, நடுவில் ஈரமும் இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். நடுவில் பூச்சோ ரப்பரோ வேண்டும். இரும்பைத் தேய்த்த டிஸ்க்கால் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள். இரண்டின் தூளும் ஒன்றாகக் குவிந்தால் பொறி பட்டுக் கடுமையாக எரியும்.

பூச்சுக்கு வரிசை முக்கியம். வெறும் தகட்டின் மேல் எபாக்ஸி பிரைமர், பிறகு இணைப்புகளில் சீம் சீலர், தேவையான இடத்தில் பட்டி, மறுபடி பிரைமர், பெயின்ட். பட்டி 3 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் தகடு இன்னும் நிமிரவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பத் தட்டுவேன். பட்டி ஈரத்தை இழுக்கும், அதை வெறுமனே நாள் கணக்கில் விட்டு வைக்காதீர்கள். ஆர்ச்சின் அடியில் கல் அடியைத் தாங்கும் பூச்சு. எல்லாம் காய்ந்த பிறகு, வெற்றிடங்களுக்குள் குழாய் விட்டு மெழுகு அடியுங்கள். மெழுகு கடைசியாகத்தான் வர வேண்டும், அது எரியும். ரப்பர் பீடிங் மாட்டியே ஆக வேண்டுமென்றால் பெயின்ட் முழுக்கக் காய்ந்த ஓரத்தில் மாட்டி, மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். மடிப்பு சரியாக வந்துவிட்டால் பீடிங்கின் தேவையே இல்லை.

பெரிய டயர், வெட்டிய பாடி ஆகியவற்றுக்கு இடத்துக்கு இடம் சட்டம் மாறும். டயரின் மேல்பகுதி மட்கார்டுக்கு வெளியே தெரியக்கூடாது, விளக்கும் எண் பலகையும் குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும் என்பவை பல இடங்களில் உள்ள விதிகள். உங்கள் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டிலும் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு கிரைண்டரை எடுக்க வேண்டாம். பக்க டிரிமைக் கழற்றி, ஆர்ச் மடிப்பின் உள்பக்கத்தையும் சீட் பெல்ட் போல்ட்டையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துப் போடுங்கள். வலது பக்கம் உரசுகிறதா என்பதையும், இடது டயருக்கும் மூலைக்கும் நடுவில் உள்ள தூரத்தையும், வலது பக்கத்தில் அதே தூரத்தையும் அளந்து எழுதுங்கள். அந்த அளவுகள் கிடைத்ததும் ஆர்ச்சில் கோடு போட வேண்டுமா, மூலையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று சொல்கிறேன்.